பழுதான பவுணும் பெயரில்லாத நகைகளும்

அம்மாவின் தாலிக்கொடியில் ஒரு காலத்தில் இரண்டு பவுண் காசுகள் இருந்தன. தாலிக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இப்போது ஒன்றுதான் மிச்சம். மற்றது 2009 மாசி மாதம் இரணைப்பாலையில், ஒரு தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால், கொஞ்ச அரிசிக்கும் ஒரு பால்மாப் பைக்கற்றுக்கும் கைமாறியது. வாங்கியவரைக் குறை சொல்ல அம்மா இன்றுவரை விட்டதில்லை. "அவருக்கும் பிள்ளையள் இருந்தது" என்று மட்டும் சொல்லுவார்.

எஞ்சிய காசைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசியதில்லை. 2025 ஒக்ரோபரில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. இங்கே ஒரு பவுண் மூன்று லட்சம் ரூபாவுக்கு மேலே போய்விட்டது. அந்தக் கிழமை ரொறன்ரோவிலிருந்து மாமாவின் மகன் தொலைபேசி எடுத்தான்.

"மச்சாள், மாமியிட்ட அந்தப் பழைய காசு இன்னும் இருக்கோ? அவசரப்பட்டு நகைக்கடையில குடுத்திடாதேங்கோ. இங்க பழைய பவுணுக்குத் தங்க விலையை விடக் கனக்கக் குடுக்கிற ஆக்கள் இருக்கினம். ரெண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கோ."

எடுத்து அனுப்பினேன். ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கத்தில் குதிரையிலிருந்து டிராகனைக் குத்தும் புனித ஜோர்ஜ். கீழே 1918 என்ற ஆண்டு. அதற்குச் சற்று மேலே, தரைக் கோட்டில், கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் 'ஐ' என்ற ஒரு சின்ன ஆங்கில எழுத்து.

நான்கு நாள் கழித்து அங்குள்ள நாணய வியாபாரி ஒருவரின் பதிலை மச்சான் அனுப்பினான். விளிம்பில் ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறது. மேற்பரப்பு மினுக்கப்பட்டிருக்கிறது. பழுதான நாணயம். தரமிட அனுப்பிப் பயனில்லை, உருக்கும் விலைதான் கிடைக்கும்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது வேறு. "அந்த ஒட்டுப் போட்ட இடத்தைப் பாத்துத்தானே பிள்ளை, இது என்ர எண்டு எனக்குத் தெரியும். அதை எப்பிடிப் பழுது எண்டு சொல்லுறாங்கள்?"

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் அரிய தங்க நாணயங்களுக்குப் புள்ளி போட்டு விற்கும் ஓர் உலகத்தைப் பற்றி நான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க அது எங்களுக்குச் சம்பந்தமில்லாத பணக்காரர்களின் பொழுதுபோக்காகத் தெரியவில்லை. 2025 மே மாதத்தில் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்ட எங்கள் மக்களின் நகைகளைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்பதை அந்த உலகம்தான் எனக்குச் சொல்லித் தந்தது.

பவுண் என்பது என்ன?

நாங்கள் தங்கத்தை அளக்கும் 'பவுண்' ஒரு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. பிரித்தானியா 1817 முதல் அச்சிட்ட 'சவரின்' என்ற ஒரு பவுண் தங்கக் காசின் எடை 7.98 கிராம். 22 கரட். அதில் உள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். நகைக்கடையில் இன்று எட்டுக் கிராமை ஒரு பவுண் என்று சொல்வது அந்தக் காசின் எடையை முழுமைப்படுத்தித்தான். ஆட்சி போய்விட்டது. அளவு மட்டும் எங்கள் வாயில் நின்றுவிட்டது.

இந்தக் காசு லண்டனில் மட்டும் அச்சாகவில்லை. சிட்னி, மெல்பேர்ன், பேர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா ஆகிய இடங்களிலும் அச்சானது. எங்கே அச்சானது என்பதை ஒரு சிறிய எழுத்து காட்டும். முதலாம் உலகப் போரின்போது கடல் வழியாகத் தங்கம் அனுப்புவது ஆபத்தாக இருந்ததால், பம்பாயில் ஒரு கிளை திறந்து 1918 என்ற ஒரேயொரு ஆண்டில் மட்டும் சுமார் 13 லட்சம் காசுகளை அச்சிட்டார்கள். அவற்றின் அடையாளம்தான் அம்மாவின் காசில் உள்ள அந்த 'ஐ'. ஒரேயொரு ஆண்டு மட்டும் அச்சான ஊர் என்பதால் சேகரிப்பவர்கள் அதைத் தேடுவார்கள். ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதால் அது அரிய காசு அல்ல.

சேகரிப்பவருக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் ஊர்களில் பவுண் காசு ஒரு மூலப்பொருள். கலியாணத்துக்கு முன்னர் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கல் வைப்போம். சபையிலே பத்தர் பவுணை உருக்குவார். காசு அழிந்து தாலியாகும். அந்த அழிவுதான் அங்கே மங்கலம். உருக்காமல் விட்ட காசுக்கு வளையம் ஒட்டிக் கொடியில் கோர்ப்போம். விதைப்புக் காலத்தில் அடைவு வைப்போம், அறுவடையில் மீட்போம். வன்னியில் பெண்களின் வங்கிப் புத்தகம் அவர்களின் கழுத்தில்தான் இருந்தது. நாணயச் சேகரிப்பாளருக்கோ காசில் வளையம் ஒட்டுவதும் அதைப் புளி போட்டு மினுக்குவதும் பெரும் குற்றங்கள்.

எழுபது புள்ளிகள்

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு 1970களின் பல்கலைக்கழக அனுமதிதான் ஞாபகம் வரும். ஆகவே நாணய விடயத்தில் தரமிடல் என்றே எழுதுகிறேன்.

1949 இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செப்புச் சதக் காசுகளின் நிலையைச் சொல்ல 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். என்ன காசு என்று மட்டும் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குத் தேய்ந்தது 1. ஒரு குறையும் இல்லாதது 70. புழக்கத்துக்கே வராத காசுகள் 60க்கு மேலே வரும். பின்னர் எல்லா நாணயங்களுக்கும் இந்த அளவுகோல் வந்தது. விற்பவர் 65 என்பார், வாங்குபவர் 62 என்பார், சண்டை முடியாது. அதைத் தீர்க்க இருவருக்கும் வெளியே ஒரு மூன்றாம் தரப்பு வேண்டியிருந்தது. 1986 இல் பி.சி.ஜி.எஸ், 1987 இல் என்.ஜி.சி என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. உலகத்தில் அரிய தங்க நாணயங்களின் வியாபாரம் இன்று பெரும்பாலும் இவ்விரண்டின் முத்திரையை நம்பியே நடக்கிறது.

செய்முறை எளிமையானது. நாணயம் வந்ததும் அனுப்பியவரின் பெயர் நீக்கப்பட்டு ஓர் இலக்கம் இடப்படும். முதலில் அது உண்மையானதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துப் புள்ளி இடுவார்கள். அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. இறுதியில் படம் எடுத்து, முத்திரையிட்ட தெளிவான பிளாஸ்டிக் பேழையில் அடைப்பார்கள். பேழையில் உள்ள இலக்கத்தை இணையத்தில் அடித்தால் அந்த நாணயத்தின் விபரம் வரும். துளையிட்ட, மினுக்கிய, ஒட்டுப் போட்ட நாணயங்களுக்குப் புள்ளி கிடையாது. உண்மையான காசுதான், ஆனால் இன்ன பழுது உண்டு என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள்.

இந்த உலகத்தைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. ஒரு புள்ளி கூடினால் விலை பல மடங்காகும் என்பதால், பேழையை உடைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் மனிதர்கள், ஒரே காசுக்கு இரண்டு தடவை இரண்டு புள்ளி வருவதுண்டு. போலிப் பேழைகளும் சந்தையில் உண்டு. மிக மோசமானது இன்னொன்று. இன்றைய நாணயசாலைகள் லட்சக்கணக்கில் குறையில்லாமல் அச்சிடும் சாதாரண தங்கக் காசுகளை '70' என்ற சீட்டோடு அடைத்து, தொலைபேசியில் முதியவர்களுக்குத் தங்க விலையைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அங்கே விற்கப்படுவது தங்கம் இல்லை, பிளாஸ்டிக்கும் சீட்டும்தான். புலம்பெயர் நாடுகளில் ஓய்வூதியத்தோடு இருக்கும் எங்கள் பெரியவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் பழைய பவுண் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. அதை மினுக்க வேண்டாம். ஆண்டையும் எழுத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சவரின்கள் தங்க விலைக்குக் கிட்டத்தான் போகும். தரமிடும் செலவு அதற்குக் கிடைக்கும் மேலதிக விலையை விடக் கூடலாம். லண்டனில் அச்சான 1917 போன்ற சில ஆண்டுகள் உண்மையிலேயே அரியவை. அதனாலேயே அந்த ஆண்டுக்குப் போலிகள் மிக அதிகம். அதே 1917 இல் அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அச்சாகி எழுத்து உள்ளவை லண்டன் காசு போல் அரியவை அல்ல.

இத்தனை குறைகளுக்குள்ளும் அந்த முறையில் ஒரு விடயம் என்னை நிறுத்தியது. ஒரு காசை இன்னொரு காசோடு கலக்க விடாமல், அதற்கென்று ஓர் இலக்கம், ஒரு படம், ஒரு பதிவு வைத்திருக்கிறார்கள். பெறுமதி தங்கத்தில் இருந்து மட்டும் வரவில்லை. 'இது இன்ன காசு' என்று பின்னர் எவரும் சரிபார்க்கக் கூடியதாக இருப்பதிலிருந்தும் வருகிறது.

ஒரு கடதாசியின் விலை

இதற்கு உச்ச உதாரணம் அமெரிக்காவின் 1933 ஆம் ஆண்டு 20 டொலர் தங்கக் காசு. 'டபிள் ஈகிள்' என்பார்கள். எடை 33.4 கிராம். அவுன்ஸ் 4,000 டொலர் என்று கணக்கிட்டாலும் அதில் உள்ள தங்கத்தின் விலை 4,000 டொலருக்குள்தான். ஆனால் 2021 ஜூனில் நியூயோர்க்கில் அப்படியொரு காசு சுமார் 1 கோடி 89 லட்சம் டொலருக்கு ஏலம் போனது. பி.சி.ஜி.எஸ் அதற்கு இட்ட புள்ளி 65.

ஏன் இந்த விலை? 1933 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட், மக்கள் தங்களிடமுள்ள தங்கக் காசுகளையும் கட்டிகளையும் மே 1க்குள் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மீறினால் 10,000 டொலர் வரை தண்டம், பத்து ஆண்டு வரை சிறை. ஓர் ஆள் 100 டொலர் பெறுமதியான காசை வைத்துக்கொள்ளலாம். சேகரிப்பாளர்களுக்குச் சிறப்புப் பெறுமதியுள்ள அரிய காசுகளுக்கும் விலக்கு. ஒப்படைத்தவர்களுக்கு அவுன்ஸ் 20.67 டொலர் வீதம் பணம் கொடுத்தார்கள். 1934 ஜனவரி இறுதியில் அரசு அந்த விலையை 35 டொலராக உயர்த்தியது. கஷ்ட காலத்துக்கென்று காசு சேர்த்து வைத்த தொழிலாளி சட்டத்துக்குப் பயந்து கொடுத்தார். ஒன்பது மாதத்துக்குள் அதன் விலை சுமார் 70 வீதம் கூடியது. கூடிய பகுதி அரசுக்குப் போனது. அமெரிக்கர் சுதந்திரமாகத் தங்கம் வைத்திருக்கும் உரிமை 1974 இறுதியில்தான் திரும்பி வந்தது.

அந்த ஆண்டு அச்சிட்ட 445,500 டபிள் ஈகிள்கள் வெளியிடப்படவே இல்லை. அருங்காட்சியகத்துக்கென்று இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை 1937 இல் உருக்கினார்கள். ஆனால் சில காசுகள் பிலடெல்பியா நாணயசாலையிலிருந்து வெளியே போய்விட்டன. அதிலொன்றை எகிப்து மன்னர் பாரூக் வாங்கினார். 1944 இல் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அமெரிக்க அதிகாரிகள் தெரியாத்தனமாக அனுமதிப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். 1952 இல் பாரூக் பதவி இழந்தார். 1954 இல் அவரது சேகரிப்பு கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் அந்தக் காசு விலக்கப்பட்டது. பிறகு அது காணாமல் போனது. 1996 இல் ஸ்டீபன் ஃபென்டன் என்ற பிரித்தானிய வியாபாரி நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் ஒரு 1933 காசை விற்க முயன்றபோது கைது செய்யப்பட்டார். அது பாரூக்கின் காசு என்பதே அவரது தரப்பு வாதம். 2001 இல் இணக்கம் ஏற்பட்டது. 2002 ஏலத்தில் கிடைத்த சுமார் 76 லட்சம் டொலரை அரசும் அவரும் பங்கிட்டார்கள். அதே காசுதான் 2021 இல் மீண்டும் விற்கப்பட்டது.

இன்னொரு குடும்பத்தின் கதையைப் பாருங்கள். பிலடெல்பியா நகைவியாபாரி இஸ்ரேல் ஸ்விட்டின் மகள் ஜோன் லாங்போர்ட், 2003 இல் குடும்பத்தின் வங்கிப் பெட்டகத்தில் இதே காசு பத்தைக் கண்டெடுத்தார். உண்மையானவையா என்று பார்க்க நாணயசாலைக்குக் கொடுத்தார். உண்மையானவைதான் என்று சொன்ன அரசு, அவற்றைத் திருப்பிக் கொடுக்க மறுத்தது. வழக்கு பத்தாண்டுக்கு மேல் நடந்தது. 2011 இல் ஜூரிகள் அரசின் பக்கம் நின்றார்கள். 2015 இல் மேன்முறையீட்டு அமர்வொன்று குடும்பத்தின் பக்கம் சாய்ந்தது. 2016 இல் முழு அமர்வு அதை மாற்றியது. 2017 இல் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்ததோடு பத்தும் அரசுக்கே போயின.

ஒரே ஆண்டு, ஒரே அச்சு, ஒரே நாணயசாலை. ஒன்று கோடிக்கணக்கில் விற்றது. பத்து அரச பெட்டகத்தில் கிடக்கின்றன. அந்தக் குடும்பம் செய்தது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் கவனித்தது இதைத்தான். ஒன்றின் பின்னால் ஒரு கடதாசி இருந்தது, அதுவும் பிழையாகக் கொடுக்கப்பட்ட கடதாசி. மற்றவற்றின் பின்னால் அது இல்லை. அரசோடு தங்கத்துக்காக வழக்காடும்போது கடதாசி எவ்வளவு பாரம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

எங்கள் நகைகளுக்கு இலக்கம் உண்டா?

இனி எங்கள் கதை. 1994 இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகம் நகைகளை அடைவு பிடித்துக் கடன் கொடுத்தது. வன்னி மக்கள் விதைக்க, கடை போட, பிள்ளையை வெளிநாடு அனுப்ப, அங்கே நகைகளை வைத்தார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தபோது அந்த நகைகளில் ஒரு பகுதி இராணுவத்தின் கைக்குப் போனது. 2014 இல் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் ஆட்சியில் சிலருக்கு அவர்களின் நகைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பிறகு நீண்ட மௌனம். 2025 மே மாதத் தொடக்கத்தில், போர்க் காலத்தில் மீட்கப்பட்ட தங்க, வெள்ளிப் பொருட்களின் தொகுதியொன்றை இராணுவம் பதில் பொலிஸ்மா அதிபரிடம் கையளித்தது. இடையில் ஓடியது பதினாறு ஆண்டு.

கையளிப்புப் படங்களில் நகைகளைப் பார்த்த எங்கள் பெண்கள் பலர் கைத்தொலைபேசித் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார்கள். விசுவமடுவில் ஒருவர் என்னிடம் பற்றுச்சீட்டைக் காட்டினார். இரண்டு சங்கிலி, நான்கு காப்பு, எடை, திகதி எல்லாம் அதில் இருந்தன. பங்கருக்குள் நனைந்த சீட்டை வெயிலில் காயவைத்து, பிறகு லமினேற் செய்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாத்தளனில் எறிகணை விழுந்தபோது பையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சீட்டு அந்தப் பைக்குள் இருந்தது. "பிள்ளையைத் தூக்கினது பிழையோ?" என்று அவர் என்னிடம் கேட்டார். சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் நகை என்று முடிவானால், அரசும் அவரிடம் அதையேதான் கேட்கிறது என்று அர்த்தம்.

இவர்கள் உட்பட நான் பேசிய எவரும் தங்கள் நகை அந்தத் தொகுதியில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலைக் கண்டதில்லை. செய்திகளில் அவை 'பொருட்கள்', 'தொகுதி' என்றே வருகின்றன. ரொறன்ரோவில் ஒரு காசுக்குத் தனி இலக்கமும் படமும் உண்டு. வன்னிப் பெண்ணின் தாலிக்கொடி மொத்தத்தோடு மொத்தமாக எடைபோடப்படுகிறது. தங்கம் காணாமல் போவது ஒரு இழப்பு. தங்கம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் அது யாருடையது என்பது காணாமல் போவது இன்னொரு இழப்பு. இரண்டாவதைத் தடுப்பது இன்னும் அதிகாரிகளின் கையில் இருக்கிறது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய வேறு சிலவும் உண்டு. அந்தத் தொகுதியில் அடைவு நகைகள் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்க முடியாது. போராட்டத்துக்கென்று குடும்பத்துக்கு இரண்டு பவுண் வீதம் புலிகள் வாங்கிய காலம் எங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவர்களின் நகைகளும் பறிக்கப்பட்டன. எங்கள் நகையைக் கேட்கும் அதே வாயால் அவர்களின் நகையைப் பற்றியும் பேசாவிட்டால் எங்கள் கோரிக்கைக்குப் பாரம் இருக்காது. எந்தப் பட்டியல் வந்தாலும் புத்தளத்தில் இருப்பவர்களும் அதைப் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

முதலாவது, எந்த நகையும் உருக்கப்படக் கூடாது. உருக்கிய பிறகு அது எடை மட்டும்தான். பொன்னுருக்கலில் நாங்கள் விரும்பி உருக்குகிறோம். இங்கே உருக்கினால் சாட்சியை அழிப்பதாகும்.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளுக்கும் தனி இலக்கம், எடை, கரட், வகை, படம் கொண்ட பதிவு வேண்டும். பொதியில் ஏதாவது இலக்கமோ பெயரோ இருந்தால் அதையும் பிரிக்காமல் பதிய வேண்டும். காசுக்குச் செய்ய முடிந்ததைக் காப்புக்கும் செய்யலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒரு தராசு, ஒரு கமரா, பொறுமையான சில அலுவலர்கள் போதும்.

படத்தை வெளியிட்டால் பொய் உரிமை கோருபவர்கள் வருவார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நியாயமான பயம்தான். அதற்கும் வழி உண்டு. வகையையும் ஒரு பக்கத் தோற்றத்தையும் மட்டும் வெளியிடலாம். சரியான எடை, பின்பக்கம் வெட்டிய எழுத்து, ஒட்டுப் போட்ட இடம், மாற்றிய கொக்கி ஆகியவற்றை மறைத்து வைத்து, உரிமை கோருபவரிடம் கேட்கலாம். உண்மையான சொந்தக்காரிக்கு அது தெரியும். இருபது வருடம் கழுத்தில் போட்ட நகையின் தழும்பை எந்தப் பெண்ணும் மறக்கமாட்டாள்.

மூன்றாவது, சீட்டு மட்டுமே சாட்சி என்று வைக்கக் கூடாது. கலியாணப் படம், செய்த பத்தரின் வாக்குமூலம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், நகையின் அடையாளத்தைச் சரியாகச் சொல்லும் விபரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல இடப்பெயர்வுகளுக்குப் பிறகு கடதாசி கேட்பது, கடதாசி இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்பதுதான்.

நான்காவது, பரிசீலிப்பவர்கள் சுயாதீனமானவர்களாக இருக்க வேண்டும். தரமிடுபவருக்குக் காசின் சொந்தக்காரர் யார் என்று தெரியாது. அதுதான் அந்த முறைக்கு நம்பிக்கை தந்தது. இங்கேயும் உரிமை கோருபவரின் அரசியலோ குடும்பப் பின்னணியோ பார்க்கப்படாமல் நகையும் விபரமும் மட்டும் பார்க்கப்பட வேண்டும். புலிகளின் வைப்பகத்தில் நகை வைத்தவர் என்பதற்காக எவரும் விசாரணைக்குப் பயப்படும் நிலை இருக்கக் கூடாது. தமிழ் பேசும் பெண் அலுவலர்களும் அனுபவமுள்ள பத்தர்களும் அதில் இருக்க வேண்டும். இடம் கிளிநொச்சியும் முல்லைத்தீவும், கொழும்பு இல்லை.

ஐந்தாவது, சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முடியாதவற்றுக்கு அவசரப்பட்டுக் காலக்கெடு வைக்கக் கூடாது. நகைக்குப் பதிலாகப் பணம் கொடுக்கும் நிலை வந்தால், கொடுக்கும் நாளின் தங்க விலையில் கொடுக்க வேண்டும். 2009 இல் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,000 டொலரை ஒட்டியே இருந்தது. 2025 ஒக்ரோபரில் அது நான்கு மடங்கானது. பழைய சீட்டில் எழுதிய கடன் தொகையை வைத்துக் கணக்கு முடித்தால், 1934 இல் அமெரிக்கத் தொழிலாளிக்கு நடந்ததுதான் எங்கள் பெண்களுக்கும் நடக்கும். அடைவு வைத்தவர் கட்டவேண்டிய கடனை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி உண்டு. அதைப் பேசித் தீர்க்கலாம். பேச முதலில் பட்டியல் வேண்டும்.

இவை எல்லாம் நடந்தாலும் எங்கள் தங்கத்தில் பெரும்பகுதி திரும்பாது. அது அரிசியாகி, பால்மாவாகி, படகுக் கூலியாகி, மணலுக்குள் புதைந்து போனது. இரணைப்பாலையில் கைமாறிய அம்மாவின் காசை நான் எவரிடமும் கேட்கவில்லை. அதைத் தின்றுதான் நான் உயிரோடு இருக்கிறேன். பெட்டகத்துக்குள் இருப்பதாக அரசே ஒப்புக்கொண்டவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதுவரை நாங்களும் ஒரு வேலை செய்யலாம். பற்றுச்சீட்டு உள்ளவர்கள் அதைப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இல்லாதவர்கள் ஞாபகத்தில் உள்ளதை எழுதுங்கள். என்ன நகை, எத்தனை பவுண், யார் செய்தது, எந்த ஆண்டு, எந்த இடத்தில் ஒட்டு, எந்தக் கல் விழுந்தது, எப்போது யாரிடம் வைத்தது. வயது போனவர்களிடம் இப்போதே கேளுங்கள். பத்தர்கள் பலர் ஏற்கனவே எங்களை விட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் போன கிழமை தொடங்கினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் பக்கத்தில் அந்த ஒற்றைக் காசு. 1918, பம்பாய், ஒரு பவுண். 'பழுது' என்று வியாபாரி எழுதிய இடத்தில் நான் 'அடையாளம்' என்று எழுதினேன்: மன்னரின் தலைக்கு மேலே விளிம்பில் வளையம் ஒட்டிய தடம், கொஞ்சம் இடப்பக்கம் சரிந்தது. "1984 இல ஆவணி மாசம், ஒரே நாளில ரெண்டும் ஒட்டினது. மற்றதில நேரா இருந்தது" என்றார் அம்மா. அதையும் எழுதிக்கொண்டேன்.